வட்ட முத்திரையும் 800 விக்கெட்டும்

2022 ஆகஸ்டில் அமெரிக்காவில் ஓர் ஏலம் நடந்தது. ஏலத்துக்கு வந்த பொருள் உள்ளங்கைக்குள் அடங்கும் ஓர் அட்டை. 1952-ல் டொப்ஸ் என்ற நிறுவனம் சூயிங்கம் பக்கெட்டுக்குள் வைத்து ஒரு சதத்துக்கும் ஐந்து சதத்துக்கும் பிள்ளைகளுக்கு விற்ற பேஸ்போல் வீரர் அட்டை அது. ஏலம் முடிந்தபோது அதன் விலை 12.6 மில்லியன் டொலர். அட்டையில் இருந்தவர் மிக்கி மான்டில்.

மான்டில் பணக்கார வீட்டுப் பிள்ளை இல்லை. அவருடைய தகப்பன் ஒக்லஹோமா மாநிலத்தில் ஈயமும் துத்தநாகமும் தோண்டிய சுரங்கத் தொழிலாளி. மகன் நிலத்துக்குக் கீழே இறங்கக்கூடாது என்று சிறு வயதிலேயே அவன் கையில் மட்டையைக் கொடுத்தவர். மகன் 1951 முதல் 1968 வரை நியூயோர்க் யாங்கீஸ் என்ற ஒரே அணிக்கு ஆடி, 536 ஹோம் ரன் அடித்து, ஏழு தடவை உலகத் தொடர் வென்ற அணியில் இருந்தார். அந்த அட்டையின் கதையோ அவருடைய ஆட்டத்தைவிட விசித்திரமானது. 1952 தொடரின் கடைசிப் பகுதி அட்டைகள் பருவம் முடியும் நேரத்தில் கடைக்கு வந்ததால் விலைபோகாமல் கிடங்கில் தேங்கிக் கிடந்தன. இடம் அடைக்கிறதென்று 1960 வாக்கில் பெட்டி பெட்டியாகப் படகில் ஏற்றி அத்திலாந்திக் கடலில் கொட்டியதாக அந்த அட்டைகளை வடிவமைத்த சை பெர்கரே பிற்காலத்தில் சொன்னார். கொட்டியதுபோக மிஞ்சியதுதான் இன்றைக்கு மில்லியன் கணக்கில் விலைபோகிறது.

சுரங்கத் தொழிலாளியின் மகனைப் பற்றிப் படிக்கும்போது தேயிலைத் தொழிலாளியின் பேரன் ஒருவர் நினைவுக்கு வராமல் போனால் படிப்பவர் மலையகத்தில் பிறந்தவராக இருக்க முடியாது. டெஸ்ட் கிரிக்கெட்டில் 800 விக்கெட் எடுத்த ஒரே மனிதர் முத்தையா முரளிதரன். அவர் ஓய்வு பெற்று ஒன்றரைப் பத்தாண்டு தாண்டிவிட்டது. அவரைப் பற்றிய எந்தப் பொருள் இன்று மலையகத்தில், மலையக மக்களின் பொறுப்பில் இருக்கிறது? கினிகத்தேனையிலிருந்து ஹட்டன் வரை ஏறிப் போகும் பாதையில் யாரைக் கேட்டாலும் முரளியின் கதை வரும். காட்டுவதற்குப் பொருள் வராது. இந்தக் கட்டுரை அந்தக் குறையைப் பற்றியது.

தாத்தா திரும்பிப் போனார், தகப்பன் தங்கினார்

முரளியின் தந்தைவழிப் பாட்டனார் பெரியசாமி சின்னசாமி 1920-ல் தென்னிந்தியாவிலிருந்து மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தவர். பிற்காலத்தில் பெண்மக்களோடு ஊருக்கே திரும்பி, திருச்சிராப்பள்ளியில் குடியிருந்தார். முரளியின் தகப்பன் முத்தையா உட்பட ஆண்மக்கள் இங்கேயே தங்கினார்கள். ஒரு குடும்பம் கடலுக்கு இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி. இதை வாசிக்கும் உங்களில் பலருக்கு இது யாரோ ஒருவருடைய குடும்பக் கதையாகத் தெரியாது. 1948-ன் பிரஜாவுரிமைச் சட்டமும் 1964-ன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தமும் எத்தனையோ காம்பராக்களை இப்படித்தான் இரண்டாகப் பிளந்தன. அந்த ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு, 300,000 பேரை இலங்கைக்கு என்று பங்கு பிரித்தது. மீதி 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டது. ஆட்களை எண்ணிய கடுதாசிகள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. அந்த ஆட்களுடைய வாழ்க்கையின் கடுதாசிகள்தான் இல்லை.

1972 ஏப்ரல் 17-ல் முரளி கண்டியில் பிறந்தார். நான்கு ஆண்பிள்ளைகளில் மூத்தவர். இலங்கை குடியரசானது அதற்கு அடுத்த மாதம். அப்போது தகப்பனார் தோட்டத் தொழிலாளி இல்லை. குண்டசாலையில் பிஸ்கட் தொழில் நடத்தியவர். ஆகவே முரளி லயத்தில் வளர்ந்தார் என்று மேடையில் பேசுகிறவர்கள் ஆசையில் பேசுகிறார்கள். அவர் லயத்தில் வளரவில்லை. ஆனால் 1977 கலவரம் வந்தபோது தோட்டத்துத் தமிழன், நகரத்துத் தமிழன் என்று அது பார்க்கவில்லை. அவர்களுடைய ஆலை எரிக்கப்பட்டது. தகப்பனார் வெட்டுக் காயத்தோடு உயிர் தப்பினார். மகனுக்கு அப்போது வயது ஐந்து.

ஒன்பது வயதில் கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே அவர் தொடங்கியது மிதவேகப் பந்துவீச்சு. 14 வயதில் பயிற்சியாளர் சுனில் பெர்னாண்டோ சொல்லித்தான் ஒப் ஸ்பின்னுக்கு மாறினார். கடைசி இரண்டு பருவங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட விக்கெட்டுகள். 1990/91-க்கான பாட்டா சிறந்த பாடசாலை வீரர் விருது. பிறகு கொழும்பில் தமிழ் யூனியன் கழகம். 1948-ல் பிரட்மனின் அணி கொழும்பில் இறங்கி ஆடியபோது இலங்கைக்குத் தலைமை தாங்கிய மகாதேவன் சதாசிவம் ஆடிய கழகம் அது. கொழும்பு, யாழ்ப்பாணத்துக் கனவான்களின் பெயர் நிறைந்த அந்தக் கழகத்துக்குள் தோட்டத் தொழிலாளியின் பேரன் ஒருவர் பந்தோடு நுழைந்தது சின்ன விஷயம் இல்லை.

1992 ஆகஸ்ட் 28-ல் கெத்தாராம மைதானத்தில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக முதல் டெஸ்ட். 141 ஓட்டங்களுக்கு 3 விக்கெட். முதல் விக்கெட் கிரெய்க் மெக்டெர்மட், எல்.பி.டபிள்யூ. அன்று அந்த விக்கெட்டைக் குறித்துக்கொண்ட ஸ்கோர் கொப்பி இன்று ஏலத்துக்கு வந்தால் என்ன விலை போகும் என்று யோசித்துப் பாருங்கள்.

நேராகாத கை

முரளியின் வலது முழங்கை பிறவியிலேயே முழுதாக நேராகாது. தோளும் மணிக்கட்டும் மற்றவர்களுக்கு வளையாத அளவுக்கு வளையும். இந்த மூன்றும் சேர்ந்துதான் அந்தச் சுழற்சி. எறிகிறார் என்ற குற்றச்சாட்டும் இவற்றிலிருந்தே பிறந்தது.

1995 டிசம்பர் 26, மெல்பேர்ன். 55,000-க்கும் மேற்பட்ட கூட்டம். பந்துவீச்சு முனையில் நின்ற நடுவர் டெரல் ஹெயார் மூன்று ஓவருக்குள் ஏழு தடவை கையை நீட்டி நோபோல் என்றார். அணித் தலைவர் அர்ஜுன ரணதுங்க முரளியை மறுமுனைக்கு மாற்றினார். அங்கே நின்ற ஸ்டீவ் டன் ஒரு தடவைகூட அழைக்கவில்லை. அதே கை, அதே பந்து, அதே நாள். பத்து நாள் கழித்துப் பிரிஸ்பேனில் ரோஸ் எமர்சன் என்ற இன்னொரு நடுவர் அழைத்தார். 1999 ஜனவரியில் அடிலெய்டில் அதே எமர்சன் மறுபடியும் அழைத்தபோது அர்ஜுன அணியைக் கூட்டிக்கொண்டு எல்லைக் கோடு வரை போய் நின்றார். அர்ஜுன என்ற சிங்களத் தலைவர் அன்று ஒரு தமிழ் வாலிபனுக்காக நின்ற நிற்பை மலையகத்தில் யாரும் மறக்கவில்லை. மறக்கவும் கூடாது.

1996-ல் மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் ஹொங்கொங் விஞ்ஞான தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் கையைப் பரிசோதித்தார்கள். எறிவதுபோலத் தெரிவது கண்ணுக்கு ஏற்படும் மயக்கம் என்று முடிவு வந்தது. சர்வதேச கிரிக்கெட் சபை அவரை அனுமதித்தது. 2004-ல் தூஸ்ரா என்ற புதுப் பந்து வந்தபோது போட்டி மத்தியஸ்தர் கிறிஸ் புரோட் மறுபடியும் முறைப்பாடு கொடுத்தார். அந்த வருடம்தான் இங்கிலாந்தில் ஒரு தொலைக்காட்சிக் கமராவின் முன் முரளி ஒரு காரியம் செய்தார்.

அவருடைய வலது கைக்கு அச்சு எடுத்து ஒரு கவசம் செய்தார்கள். உருக்குக் கம்பிகளைக் கெட்டியான பிசினுக்குள் பதித்த கவசம். நீளம் ஏறக்குறைய 46 சென்ரிமீற்றர், எடை ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அதை மாட்டினால் முழங்கையை ஒரு பாகைகூட நீட்ட வழியில்லை. முதலில் கவசம் இல்லாமல் ஒப் ஸ்பின், டொப் ஸ்பின், தூஸ்ரா மூன்றையும் வீசிக் காட்டினார். பிறகு கவசத்தை மாட்டிக்கொண்டு அதே மூன்றையும் வீசினார். மூன்றும் திரும்பின. தொலைக்காட்சித் தொகுப்பாளர் மார்க் நிக்கலஸ் அந்தக் கவசத்தைத் தானே போட்டுப் பார்த்துவிட்டு இதற்குள் கையை நீட்டவே முடியாது என்றார்.

உலகத்தில் எந்த விளையாட்டு வீரரும் தன் உடம்பு பொய் சொல்லவில்லை என்று நிரூபிக்க இப்படி ஓர் இரும்பைக் கையில் கட்டிக்கொண்டதாக நான் படித்ததில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து நம் பிள்ளைகளுக்குக் காட்டவேண்டிய பொருள் எது என்று என்னைக் கேட்டால் முதலில் அந்தக் கவசத்தைத்தான் சொல்வேன். கிண்ணம் வெற்றியைக் காட்டும். கவசம் அந்த வெற்றிக்கு என்ன கூலி கொடுத்தார் என்பதைக் காட்டும்.

அதன்பின் நடந்த ஆய்வுகளில் ஏறக்குறைய எல்லாப் பந்துவீச்சாளரும் கையை ஓரளவு நீட்டித்தான் வீசுகிறார்கள் என்று தெரியவந்தது. 2005 முதல் எல்லாருக்கும் 15 பாகை என்று விதி மாறியது. முரளி ஒருவரை அளக்கப் போய் முழு உலகத்தையும் அளக்கவேண்டி வந்தது.

அஸ்கிரியவின் கணக்கு

எண்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 133 டெஸ்ட், 800 விக்கெட், சராசரி 22.72. ஓர் இன்னிங்ஸில் ஐந்து விக்கெட் 67 தடவை, ஒரு போட்டியில் பத்து விக்கெட் 22 தடவை. 350 ஒருநாள் போட்டிகளில் 534. டெஸ்டில் மட்டும் அவர் வீசிய பந்துகள் 44,039. இதில் மஹேல ஜயவர்தனவின் கையில் விழுந்தவை 77. விக்கெட் காப்பாளர் அல்லாத ஒருவர் ஒரே பந்துவீச்சாளருக்குப் பிடித்த பிடிகளில் அதுதான் சாதனை. 1998-ல் லண்டன் ஓவலில் 220 ஓட்டங்களுக்கு 16 விக்கெட் எடுத்து இங்கிலாந்தை அவர்கள் மண்ணிலேயே கவிழ்த்தார். 1996 மார்ச் 17, லாகூரில் உலகக் கிண்ணம் வென்ற நாளில் பத்து ஓவர் வீசி 31 ஓட்டம் மட்டுமே கொடுத்தார். இவை எல்லாம் புத்தகத்தில் இருக்கின்றன.

அஸ்கிரிய மைதானத்தைப் பற்றித்தான் கொஞ்சம் நின்று சொல்லவேண்டும். கண்டி திரித்துவக் கல்லூரிக்குச் சொந்தமான மைதானம் அது. ஹட்டன், தலவாக்கலை, கினிகத்தேனைப் பக்கத்தவர் ஒரு நாள் சம்பளத்தையோ லீவையோ இழந்து பஸ் ஏறிப்போய்ப் பார்க்கக்கூடிய தூரத்தில் இருந்த டெஸ்ட் மைதானம் அன்று அது ஒன்றுதான். 2002 ஜனவரி 4-ல் சிம்பாப்வேக்கு எதிராக முரளி முதல் நாளிலேயே ஒன்பது விக்கெட்டையும் தானே எடுத்து நின்றார். பத்தாவதும் விழுந்தால் ஜிம் லேக்கர், அனில் கும்ப்ளே என்ற இருவரோடு மூன்றாவதாக அவர் பெயர் இருக்கும். மறுநாள் காலையில் அவருடைய பந்தில் வந்த பிடியை ரசல் ஆர்னோல்ட் நழுவவிட்டார். கடைசி விக்கெட் சமிந்த வாஸுக்குப் போனது. 51 ஓட்டங்களுக்கு 9. அந்த ஒரு விக்கெட்டுக்காக இன்றைக்கும் பெருமூச்சு விடுகிறவர்கள் எங்கள் பக்கத்தில் இருக்கிறார்கள்.

2004 மார்ச்சில் அதே மைதானத்தில் காஸ்ப்ரோவிச்சை வீழ்த்தி 500. 2007 ஜூலையில் பங்களாதேஷுக்கு எதிராக 700. 2007 டிசம்பர் 3-ல் இங்கிலாந்தின் போல் கொலிங்வுட்டின் விக்கெட்டைச் சாய்த்து 709. ஷேன் வோர்னின் 708 அன்று தாண்டப்பட்டது. அந்தப் போட்டிதான் அஸ்கிரியவில் நடந்த கடைசி டெஸ்ட். அதற்குப் பிறகு பல்லேகலயில் புதிய மைதானம் வந்தது. அதற்கு முரளியின் பெயரைச் சூட்ட மத்திய மாகாண சபை 2010 ஜூலையில் தீர்மானம் எடுத்தது. ஸ்கோர் அட்டையைப் பாருங்கள், வர்ணனையைக் கேளுங்கள்; இன்றும் பல்லேகல என்றே வருகிறது.

709-வது விக்கெட் விழுந்த அன்றே இரண்டு காரியங்கள் நடந்தன. லண்டன் லோர்ட்ஸில் முரளியின் ஓவியம் ஒன்று வைக்கப்பட்டதாக எம்.சி.சி. அறிவித்தது. இலங்கைத் தபால் திணைக்களத்தின் முத்திரைப் பணியகம் ஒரு முத்திரை வெளியிட்டது. விலை 5 ரூபா. நாம் பழகிய முத்திரைகள் சதுரமும் நீள்சதுரமும். இது வட்டம். கிரிக்கெட் பந்தின் உருவத்தை நினைத்து வட்டமாகவே வெட்டியிருந்தார்கள். அன்றைக்கு மலையகத்தில் யார் வேண்டுமானாலும் தபால் கந்தோரில் வாங்கக்கூடிய விலைக்கு ஓர் உலக சாதனையின் நினைவுப் பொருளை அரசாங்கமே அச்சடித்தது. எத்தனை பேர் வாங்கினோம்? வாங்கியதில் எத்தனை, கடிதத்தில் ஒட்டி அனுப்பப்பட்டு அடுப்புக்குப் போனது? தகப்பன்மாரின் தகரப்பெட்டிகளைத் திறந்து பார்த்தால்தான் தெரியும்.

2010 ஜூலையில் காலி மைதானம். 792 விக்கெட்டோடு இருந்த முரளி, இந்தியாவுக்கு எதிரான முதல் டெஸ்டோடு விலகுகிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு இறங்கினார். எட்டு விக்கெட் தேவை. எடுத்தே தீரவேண்டும் என்று இன்னும் இரண்டு மூன்று போட்டி ஆடியிருக்கலாம், கேட்க ஆளில்லை. முதலாவதாக சச்சின் டெண்டுல்கரை எல்.பி.டபிள்யூ. முறையில் எடுத்தார். இரண்டாம் நாள் முழுவதும் மழை. முதல் இன்னிங்ஸில் ஐந்து. இரண்டாம் இன்னிங்ஸில் மாலிங்க விக்கெட்டுகளை வாரிக்கொண்டு போக, முரளி 799-ல் நின்றார். லக்ஷ்மன் ரன் அவுட். கடைசி ஜோடி இஷாந்த் சர்மாவும் பிரக்யான் ஓஜாவும் விடாமல் தடுத்தார்கள். ஜூலை 22, ஓஜாவின் மட்டை விளிம்பில் பட்டது ஸ்லிப்பில் மஹேலவின் கைக்குப் போனது. 800. அதுதான் அவருடைய கடைசி டெஸ்ட் பந்தும். 2011 உலகக் கிண்ண அரையிறுதியில், சொந்த மண்ணில் வீசிய கடைசிப் பந்திலும் நியூசிலாந்தின் ஸ்கொட் ஸ்டைரிஸை வீழ்த்திவிட்டுத்தான் போனார்.

பொருளுக்கு விலை எப்படி வருகிறது

டொன் பிரட்மன் 1928-ல் தன் முதல் டெஸ்டில் அணிந்த பச்சைத் தொப்பி 2020-ல் 450,000 அவுஸ்திரேலிய டொலருக்குப் போனது. அதே ஆண்டு ஜனவரியில் ஷேன் வோர்ன் தன் தொப்பியைக் காட்டுத்தீ நிவாரணத்துக்காக ஏலம் விட்டார். பத்து இலட்சத்தைத் தாண்டியது. பேப் ரூத் 1932 உலகத் தொடரில் அணிந்த சட்டை 2024-ல் 24 மில்லியன் டொலர். துணியும் அட்டையும்தான். ஏன் இந்த விலை?

சேகரிப்புத் தொழிலில் இருப்பவர்கள் மூன்றைப் பார்ப்பார்கள். பொருள் எவ்வளவு அரிது. எந்த நிலையில் இருக்கிறது. எங்கிருந்து யார் கையால் வந்தது. மான்டிலின் அட்டைகள் இன்னும் பல இருக்கின்றன. ஆனால் 12.6 மில்லியனுக்குப் போன அட்டை, பத்துக்கு 9.5 என்று நிலை மதிப்பிடப்பட்டது. மூலை மழுங்கவில்லை, நிறம் மங்கவில்லை. 1985-ல் ஒரு பழைய பெட்டியிலிருந்து வெளிவந்த தொகுதியில் இருந்த அட்டை என்பதும் 1991-ல் 50,000 டொலருக்குக் கைமாறியது என்பதும் எழுத்தில் இருந்தன. மூன்றாவது விஷயத்தில்தான் நம்மவர்கள் தோற்றுப்போகிறோம். முரளி கையெழுத்திட்ட மட்டையோ பந்தோ வைத்திருப்பவர் உங்கள் ஊரிலும் இருக்கலாம். எந்த நாள், எந்த இடத்தில், யாருக்குப் போட்ட கையெழுத்து என்று ஒரு வரி எழுதி வைத்திருக்கிறாரா? வைத்திருப்பவர் கண்மூடினால் அது மற்றொரு பழைய மட்டை, அவ்வளவுதான்.

இவற்றை விற்றுப் பணக்காரராகுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. வெளியார் ஒரு சட்டைக்குக் கோடிக்கணக்கில் கொடுக்கும்போது அந்த ஆளின் வாழ்க்கையை மதிக்கிறார்கள். நாம் நம் ஆளை வாயால் மட்டும் மதிக்கிறோம்.

கினிகத்தேனை ஈரம்

கொழும்பிலிருந்து ஹட்டனுக்குப் போகும் பஸ் கித்துல்கலையைத் தாண்டி வளைந்து வளைந்து ஏறிக் கினிகத்தேனை சந்தியில் மூச்சு வாங்கும். அங்கிருந்து ஒரு பாதை நோர்ட்டன்பிரிட்ஜ், லக்ஷபான பக்கம். நேரே போனால் வட்டவளை, ஹட்டன். தென்மேற்குப் பருவக்காற்று நேராக வந்து மோதும் சரிவு இது. வட்டவளை இந்நாட்டிலேயே அதிகம் மழை பெய்யும் இடங்களில் ஒன்று. மே மாதம் தொடங்கினால் காயப்போட்ட துணி மூன்று நாளானாலும் காயாது. பெட்டிக்குள் இருக்கும் போட்டோவில் வெள்ளைப் பூஞ்சணம் படரும். கரையான் ஒரு பக்கம், வெள்ளி மீன்பூச்சி ஒரு பக்கம்.

லயத்துக் காம்பராக்களில் சுவருக்குப் பத்திரிகைத் தாள் ஒட்டுவது வழக்கம். குளிருக்கும் அடைப்பு, சுவருக்கும் அழகு. தொண்ணூறுகளில் அந்தச் சுவர்களில் எம்.ஜி.ஆருக்கும் ரஜினிக்கும் பக்கத்தில் முரளி வந்து உட்கார்ந்தார். கண்ணை அகல விரித்துப் பந்தை விடும் அந்த முகத்தை வீரகேசரியிலிருந்தும் தினகரனிலிருந்தும் வெட்டி, பாடசாலைக் கொப்பியில் கோதுமை மாப் பசை தடவி ஒட்டிய பிள்ளைகள் எத்தனை பேர்! நானும் அப்படி ஒட்டியவன்தான். அந்தப் பசைதான் பூச்சிக்கு முதல் சாப்பாடு என்று அப்போது யாரும் சொல்லித்தரவில்லை. கொப்பி போய்விட்டது.

தோட்டத்து மைதானங்களில் ஆட்டம் இன்றும் நிற்கவில்லை. பொங்கலுக்கும் சித்திரைப் புத்தாண்டுக்கும் மென்பந்துப் போட்டி நடக்கும். மஞ்சள் டென்னிஸ் பந்தில், சாய்ந்த மண்ணில், ஒரு பக்கம் அடித்தால் பந்து கொழுந்து மலைக்குள் உருண்டுவிடும். பந்து தேட ஒரு சிறுவர் படை. அந்தப் பிள்ளைகளில் ஒருவன் கண்டிப்பாக இரண்டடி ஓடிவந்து, மணிக்கட்டை முறுக்கிக் கண்ணை உருட்டுவான். சுற்றி நிற்பவர்கள் “முரளி, முரளி” என்று கத்துவார்கள். பட்டப்பெயர் நிலைத்துவிட்டது, பொருள் நிலைக்கவில்லை.

கினிகத்தேனைக்குக் கீழே கித்துல்கலையில் 1957-ல் வெளிவந்த குவாய் நதிப் பாலம் பற்றிய ஆங்கிலப் படத்தை எடுத்தார்கள். படத்துக்கென்று கட்டி, படத்திலேயே வெடிவைத்துத் தகர்த்த பொய்ப் பாலம் அது. ஆற்றங்கரையில் மிஞ்சிய கொன்கிரீட் அடித்தளத்தைப் பார்க்க இன்றும் வெள்ளைக்காரர்கள் வேன் பிடித்து வருகிறார்கள். வழிகாட்டிப் பலகை இருக்கிறது. தாய்லாந்துக் கதைக்காகக் கட்டிய பொய்ப் பாலத்தின் அடிக்கல்லுக்கு ஒரு பலகை உண்டு என்றால் நம் மண்ணின் உண்மைக் கதைக்கு ஓர் அறை கேட்பது பேராசை ஆகாது.

இங்கே ஒரு பேச்சு எழும். முரளி நமக்காக என்ன பேசினார் என்பார்கள். அந்தக் கேள்வியை ஒதுக்கிவிட்டு எழுதுவது நேர்மை ஆகாது. 2019 தேர்தல் காலத்தில் கோத்தாபய ராஜபக்ஷவை அவர் ஆதரித்ததும் போர் முடிவைப் பற்றிப் பேசியதும் தமிழர் பலரைப் புண்படுத்தின. அவருடைய வாழ்க்கைப் படத்தில் நடிக்க ஒப்புக்கொண்ட விஜய் சேதுபதி 2020-ல் எதிர்ப்பு கிளம்பியதும் விலகினார். ஸ்ரீபதி இயக்கத்தில் மதுர் மிட்டல் நடித்து ‘800’ என்ற பெயரில் 2023 அக்டோபரில்தான் படம் வெளிவந்தது. அந்தப் பேச்சுகளில் எனக்கும் உடன்பாடில்லை. ஆனால் ஒருவருடைய அரசியலை மறுப்பது வேறு, அவர் கடந்த தூரத்தின் சாட்சியத்தைத் தொலைப்பது வேறு. மெல்பேர்னில் ஏழு தடவை கை நீட்டப்பட்டபோது அவமானப்பட்டது அவர் ஒருவர் மட்டும் இல்லை. கண்டி வானொலிப் பெட்டிக்கு முன்னால் இருந்தவர்களும் கினிகத்தேனைத் தேநீர்க் கடையில் நின்று கேட்டவர்களும் அதைப் பட்டார்கள். அவருடைய வரலாறு அவருக்கு மட்டும் சொந்தம் இல்லை.

2023-ல் மலையகத் தமிழர் இந்த நாட்டுக்கு வந்து 200 ஆண்டு ஆனதை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தோம். வந்த பாதையைக் காலால் அளந்தது நல்ல காரியம். அந்த 200 ஆண்டைப் பொருளாகக் காட்ட என்ன இருக்கிறது? கண்டி ஹந்தானையில் பழைய தொழிற்சாலைக் கட்டடத்தில் தேயிலை அரும்பொருளகம் உண்டு. பெரும்பாலும் இயந்திரங்களும் துரைமாரின் வரலாறும். கம்பளைக்கு அருகே பாரதெக்கவில், ஒரு பழைய லயத்திலேயே தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அரும்பொருளகம் ஒன்றைச் சமூக அபிவிருத்தி நிறுவகம் நடத்துகிறது. கவ்வாத்துக் கத்தி, கூடை, பித்தளைப் பாத்திரம், பதிவுக் கடுதாசி என்று தொழிலாளி தொட்ட பொருள்கள் அங்கே இருக்கின்றன. நம்மிடம் இப்படி ஓர் இடம் இருப்பதே பலருக்குத் தெரியாது. தோட்டத் தொழிலாளியின் பேரனுடைய வட்ட முத்திரையும் ஒரு பந்தும் அந்தக் கூடைக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும் என்பது என் எண்ணம். கூடை தாத்தாவுடையது, பந்து பேரனுடையது. பார்க்க வரும் பிள்ளைக்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. முரளி தரப்பிலிருந்து அந்தக் கைக் கவசத்தின் பிரதி ஒன்றாவது கிடைத்தால் அதைவிடப் பெரிய கொடை இல்லை. கேட்டால்தானே கிடைக்கும்? மலையகப் பாராளுமன்ற உறுப்பினர்களும் ஆசிரியர் சங்கங்களும் ஒரு கடிதம் எழுதினால் போதும்.

அதுவரை நம் கையில் இருப்பதை நாம் பார்த்துக்கொள்ளலாம். செலவு அதிகமில்லை. பத்திரிகை வெட்டுகளைப் பசை போட்டு ஒட்டாதீர்கள். வெள்ளைத் தாளுக்கு இடையில் வைத்து மூடுங்கள். லேமினேட் செய்யாதீர்கள், பிறகு பிரிக்க முடியாது. முத்திரையை விரலால் பிடிக்காதீர்கள். விரல் ஈரமே போதும் அதைக் கெடுக்க. போட்டோவையும் தாளையும் அடுப்படிச் சுவரில் மாட்டாதீர்கள், நிலத்தில் வைக்காதீர்கள். மூடி இறுகிய பிளாஸ்டிக் பெட்டியில், மருந்துப் போத்தலுக்குள் வரும் சிலிக்கா பொட்டலங்களைப் போட்டு உயரத்தில் வையுங்கள். வெயில் அடிக்கும் ஜனவரி, பெப்ரவரியில் ஒரு நாள் திறந்து நிழலில் காற்றாட விடுங்கள். பின்புறம் பென்சிலால் நாளும் ஊரும் பெயரும் எழுதுங்கள். பேனை வேண்டாம், மை ஊறிவிடும். தோட்டத்து அணியின் பழைய குழுப்படம், 1996-ல் கிண்ணம் வென்றதற்குத் தோட்டத்தில் எடுத்த படம், ஊர்ப் போட்டியின் ஸ்கோர் கொப்பி, அஸ்கிரிய டிக்கெட்டின் கிழிந்த பாதி, எதையும் சின்னது என்று ஒதுக்காதீர்கள்.

தீபாவளி வந்தால் லயத்துக்கு வெள்ளையடிப்போம், பழையதைக் கட்டி வெளியே எறிவோம். இந்த வருடம் எறிவதற்கு முன் அந்தக் கட்டை ஒரு தடவை அவிழ்த்துப் பாருங்கள். முரளியின் முத்திரையோ படமோ கிடைத்தால் உங்கள் தோட்டப் பாடசாலை அதிபரிடம் காட்டி, ஒரு பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். பொருளை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். பதிவு மட்டும் பாடசாலையில் இருக்கட்டும். அம்பகமுவ பிரதேசத்தில் இதை முதலில் தொடங்கும் பாடசாலை எது என்று எழுதி அனுப்புங்கள், இதே இதழில் வெளியிடுகிறோம்.